கேட்கச் சொன்னவர் யார்

திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போனதும், பதில் கிடைக்காமல் போன தேடல்களைத்தான் முதலில் பார்ப்பேன். எங்கள் நிறுவனத்துக்குள் மட்டும் இயங்கும் இணையதளத்தை நான்தான் அமைத்தேன். அதில் ஒரு தேடல் பெட்டி உண்டு. யாராவது ஒன்றைத் தேடி, அதற்கான பக்கம் இல்லையென்றால், அவர் தட்டிய சொற்கள் தனியாக ஓரிடத்தில் போய்ச் சேரும். அதைப் பார்த்து, இல்லாத பக்கங்களை விசாரித்து எழுதிச் சேர்ப்பது என் வேலை.

அந்தத் திங்கட்கிழமையும் முதலில் வழக்கமானவையே இருந்தன. மழையில் நனைந்த உளுந்தை வாங்கலாமா, சாக்கு தைக்கும் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது, லாரி வாடகை பில்லில் யார் கையெழுத்துப் போடவேண்டும். அவற்றுக்குக் கீழே, ‘பிரசவ லீவு எத்தனை மாசம்’ என்று இருந்தது. அடுத்த வரியில், ‘லீவு முடிஞ்சு வந்தா அதே வேலை கிடைக்குமா’. இரண்டுக்கும் நேராக, தேடியவர் என்ற இடத்தில், சரக்கு அனுப்பும் பிரிவின் மேற்பார்வையாளர் பெயர்.

அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நரைத்த மீசை, பேரன் பேத்தி எடுத்தவர். மில்லில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. வேறு யாராவது அந்த வரிகளைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் சமீபத்தில் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியவள் அங்கே நான் ஒருத்திதான். அண்ணாச்சி எங்கள் மேலாளருக்குத் தூரத்து உறவு. மேலாளர் தாமாகத் தட்டிப் பார்க்காமல் அவரை விட்டுத் தேடச் சொல்லியிருக்கிறார், என்னை என்ன செய்யலாம் என்று பார்க்கிறார்கள், இப்படித்தான் என் புத்தி போனது.

அப்படிப் போனதற்குக் காரணமும் இருந்தது.

எங்களுடையது பருப்பு மில். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் விளையும் உளுந்தையும் பாசிப்பயறையும் வாங்கி, உடைத்து, மூட்டை போட்டு வெளியூருக்கு அனுப்புகிறார்கள். கழுகுமலை, கடம்பூர், பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் என்று சின்னச் சின்னக் கொள்முதல் நிலையங்கள் உண்டு. விடுப்பு முடிந்து நான் வந்த வாரமே மேலாளர் கூப்பிட்டார். ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இருப்பதை எல்லாருக்கும் பொதுவாக ஓரிடத்தில் வைக்கவேண்டும், ஒருவர் வராவிட்டாலும் வேலை நிற்கக் கூடாது என்றார். நல்ல யோசனைதான். ஆனால் ‘ஒருவர் வராவிட்டாலும்’ என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தாரா, கதவைப் பார்த்தாரா என்று அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று அதற்கு முன்தினம்தான் பாதி நாள் விடுப்பு எடுத்திருந்தேன்.

சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்துவிடுவது என் பழக்கம். பயன்படுத்துகிறவர்களைப் பார்க்காமல் எதையும் கட்டக் கூடாது என்று கல்லூரியில் படித்ததை மறக்காமல், ஒவ்வொரு நிலையத்துக்கும் பஸ்ஸில் போனேன். மழை பெய்திருந்த நாட்களில் செருப்போடு கரிசல் மண்ணும் கிலோக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு ஓரமாக உட்கார்ந்து, அவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாதபோது என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பேன். எல்லாரும் ஒன்றுதான் செய்தார்கள். போனை எடுத்தார்கள். “இங்கன ஒரு சம்சாரி கேக்காரு, ஈரம் இவ்வளவு காட்டுச்சுன்னா எடுக்கலாமான்னு” என்று கேட்டார்கள். சம்சாரி என்றால் எங்கள் பக்கத்தில் விவசாயி. அந்த நேரத்தில் நிலையத்தில் எந்தச் சம்சாரியும் இருக்கமாட்டார். மூட்டையை விற்றுவிட்டு எப்போதோ போயிருப்பார். நான் அதை ஒரு வேடிக்கையாக மட்டும் கவனித்தேன்.

கழுகுமலை நிலையத்துக்காரர் என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார். “எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் இதுல எழுதிப் போட்டுட்டா, பெறவு என்னை எதுக்கும்மா வச்சிருக்கப் போறாவ?” அதற்கு நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். எனக்குள்ளும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தளத்தைக் கட்டி முடித்து, அதை எப்படிப் பராமரிப்பது என்றும் ஒரு பக்கம் எழுதிவிட்டால், என் இடத்தில் யாரையும் உட்கார வைக்கலாமே. பிறகு அவர், நாங்கள் என்ன தேடுகிறோம் என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் மட்டும்தான் பார்ப்பேன், என்னைத் தாண்டிப் போகாது என்றேன். சொன்னபோது அதை நம்பித்தான் சொன்னேன். பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டுத்தான் உள்ளே நுழையவேண்டும் என்பது மேலாளரின் விருப்பம். நுழைந்தவரின் பெயர் தேடலோடு சேர்ந்தே பதிவாகும். அதை மறைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த இரண்டு வரிகளைப் பார்த்த அன்றே, கம்ப்யூட்டரைச் சரிபார்க்கிற சாக்கில் அனுப்பும் பிரிவுக்குப் போனேன். லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. உளுந்துத் தொலியின் தூசி எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. அண்ணாச்சியின் மேஜையில் இருந்த திரையின் உச்சியில் ஒரு முருகன் படம், அதற்கு விபூதி வைத்திருந்தார். படத்துக்குக் கீழே துண்டுத் தாளில் அவருடைய கடவுச்சொல் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அதை மறைத்து வைக்கச் சொல்லி ஏற்கெனவே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறேன். அந்தச் சுற்றறிக்கையும் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தது.

அண்ணாச்சி ஒரு விரலால் வண்டி நம்பரைத் தட்டிக்கொண்டிருந்தார். நான்கு எண்களைத் தட்ட அவருக்கு ஒரு கிளாஸ் தேநீர் குடிக்கும் நேரம் ஆனது. தமிழில் தட்டவேண்டிய இடம் வந்ததும், பக்கத்து பில் மேஜையில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னார். ஆக, பிழையில்லாமல் இருந்த அந்த இரண்டு வரிகளை அவர் தட்டியிருக்க முடியாது. யாரோ பக்கத்தில் நின்று தட்டியிருக்கிறார்கள். மேலாளராகத்தான் இருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன்.

“அண்ணாச்சி, நீங்க எதையோ தேடி, பக்கம் வரலைன்னு காட்டுது” என்றேன்.

“ஆமா தாயி, தேடுனேன்.”

“என்ன தேடுனீங்க?”

அவர் என்னைப் பார்க்காமல் லாரியைப் பார்த்தார். “எனக்கில்ல. ஒருத்தர் கேக்கச் சொன்னாவ.”

“யாரு?”

“கேக்கச் சொன்னவிய, பேரையும் சொல்லுங்கன்னு சொல்லலையே.”

சுமைக்காரர் ஒருவர் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. நான் திரையைத் துடைக்கிற மாதிரி துடைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

மறுநாள் மேலாளர் தம் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை முதலாளியோடு உட்காரப்போவதாகவும், தற்காலிகமாக இருப்பவர்களில் யாரை நிரந்தரமாக்குவது என்று அன்றைக்கு முடிவாகும் என்றும் சொன்னார். “யாரு என்னென்ன தேடுதாங்கன்னு பேரோட எடுத்துக் குடுங்கம்மா. யாருக்கு வேலையில அக்கறை இருக்குன்னு தெரிஞ்சிரும்லா” என்றார்.

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் பதில். இருக்கையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் சந்தேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்த இரண்டு வரிகளை அவரே போட்டுவிட்டு, நான் அதைக் காட்டுகிறேனா மறைக்கிறேனா என்று பார்க்கிறாரோ? பெயரோடு கேட்பது மற்றவர்களுக்காகவா, எனக்காகவா? கழுகுமலைக்காரரிடம் சொன்ன வார்த்தை என்ன ஆகும்? நான் மாட்டேன் என்று சொன்னால், குழந்தை பெற்றவள் முன்பு போல வேலை செய்வதில்லை என்று எழுதிவிடுவார்களோ?

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோதும் தலை அதிலேயே இருந்தது. நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழ்வீட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். என் கணவருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். பகலெல்லாம் என் மகளைப் பார்த்துக்கொள்வது கீழ்வீட்டு அக்காதான். நடக்கப் பழகிய பருவம் மகளுக்கு. ஒவ்வொரு நாளும் அவளை வாங்கும்போது அவள் உடம்பை ஒரு சுற்று பார்ப்பேன். முழங்காலில் புதிதாக ஏதாவது சிவந்திருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா. அக்காவைச் சந்தேகப்படுகிறேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்பதற்காகச் சிரித்துக்கொண்டே பார்ப்பேன்.

“டாக்டர் கேக்கச் சொன்னாருக்கா, மத்தியானம் எவ்வளவு நேரம் தூங்குதான்னு” என்றேன்.

அக்கா குழந்தையின் தலையை வாரிக்கொண்டிருந்தார். “எந்த டாக்டரும்மா அவரு, டெய்லி உங்களுக்குப் போன் போட்டுக் கேக்குதாரு? நேத்து என்ன சாப்பிட்டான்னு கேட்டாரு. அதுக்கு முந்தி, வாசக்கதவு பூட்டியிருக்கான்னுகூட கேட்டாரு.”

நான் குனிந்து குழந்தையின் செருப்பை எடுத்தேன்.

“நீங்களே கேக்கலாம், நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்” என்றார். கொஞ்சம் கழித்து, “ஆனா நீங்க கேக்க மாட்டீங்க. நானும் மூத்தவளுக்கு அப்படித்தான் இருந்தேன். எல்லாத்தையும் எங்க வீட்டுக்காரரு கேக்கச் சொன்னாருன்னுதான் கேப்பேன்” என்றார்.

மாடிப்படி ஏறும்போதுதான் எனக்கு அது உறைத்தது. டாக்டர் கேட்கச் சொன்னார். சம்சாரி கேட்கிறார். ஒருத்தர் கேட்கச் சொன்னாவ. எங்கள் பக்கத்தில் யாரும் தனக்காகக் கேட்பதில்லை. தெரியாது என்பதையோ பயம் என்பதையோ இன்னொருவர் வாயில் வைத்துத்தான் கேட்போம். போனில் அதைச் செய்யலாம். நான் கட்டிய தேடல் பெட்டியில் செய்ய முடியாது, கேட்பவரின் பெயரை அது எழுதிவைத்துவிடும். ஒரு வழி மட்டும் மிச்சம் இருந்தது. முருகன் படத்துக்குக் கீழே கடவுச்சொல்லை ஒட்டிவைத்திருக்கும் ஒருவரின் பெயரில் நுழைவது.

மறுநாள் காலை மறுபடி அனுப்பும் பிரிவுக்குப் போனேன். இந்தத் தடவை அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. பில் மேஜைப் பெண்ணைப் பார்த்தேன். போன ஆவணியில் கல்யாணம் ஆனவள். தற்காலிக வேலையில் இருக்கிறாள். அவள் முன்னால் தேநீர் ஆடை படிந்து ஆறிக்கிடந்தது. லாரியின் டீசல் புகை உள்ளே வந்தபோது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து பின்பக்கம் போனாள். இதையெல்லாம் நான் முதல் நாளே பார்த்திருக்கலாம். என்னைப் பற்றி யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்ப்பதிலேயே என் கண் இருந்துவிட்டது.

அப்போதும் என் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. அவளாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் மேலாளர் கையில் அந்தப் பட்டியல் போனால் அவருக்குச் சந்தேகமே வராது. அண்ணாச்சி பெயரைப் பார்த்துச் சிரிப்பார். அந்தப் பிரிவில் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்திதான் என்பது சிரித்து முடிப்பதற்குள் அவருக்கு நினைவு வந்துவிடும். வெள்ளிக்கிழமை அவள் பெயர் கீழே இறங்கிவிடும். யாரும் காரணம் சொல்லமாட்டார்கள். நிரந்தரம் ஆகாதவளுக்கு விடுப்பும் கிடையாது, திரும்பி வந்தால் வேலையும் கிடையாது என்றுதான் எங்கள் மில்லில் நடைமுறை. சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் போய்க் கேட்டதில்லை.

அன்று பகல் முழுவதும் இரண்டு காரியங்கள் செய்தேன். தேடியவர் பெயரும் பிரிவும் பதிவாவதை நிறுத்தினேன், ஏற்கெனவே பதிவானவற்றையும் அழித்தேன். இனிமேல் எனக்கும் தெரியாது. இரண்டாவதாக, பிரசவ விடுப்பு பற்றி ஒரு பக்கம் எழுதினேன். யாருக்கு உண்டு, யாரிடம் விண்ணப்பம் கொடுக்கவேண்டும், திரும்பி வந்தால் என்ன, எல்லாவற்றையும் சட்டத்தையும் எங்கள் விதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். அதைத் தேட வேண்டியதில்லாதபடி முதல் பக்கத்திலேயே, உளுந்து ஈரப்பதத்துக்கும் லாரி வாடகைக்கும் நடுவில் வைத்தேன். அழித்ததைத் திரும்ப எடுக்க வழியுண்டா என்று ஒருமுறை பார்த்தேன். இல்லை.

வியாழக்கிழமை மேலாளரிடம் தாளைக் கொடுத்தேன். தேடப்பட்டவை மட்டும் இருந்தன. முதல் பக்கத்தில் புதிதாக வந்த விடுப்புப் பக்கத்துக்குக் காரணம் கேட்பார் என்பதால் அந்த இரண்டு வரிகளையும் விட்டுவைத்திருந்தேன்.

“பேரு எங்க?”

“எடுத்துட்டேன் சார். பேரு தெரியும்னா யாரும் தேட மாட்டாங்க. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி செஞ்சிருவாங்க. போன தடவை கடம்பூர்ல இருந்து ஈர உளுந்து வந்து பூசணம் பிடிச்சது அப்படித்தான் சார்.”

இந்த வாக்கியத்தைக் காலையில் குழந்தைக்குப் பால் ஆற்றும்போது சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் தாளைப் படித்துக்கொண்டே வந்தார். விரல் பிரசவ லீவு வரியில் நின்றது.

“இது யாரு?”

எனக்கும் தெரியாது சார் என்று சொல்லத்தான் தயார் செய்திருந்தேன். அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அப்படிச் சொன்னால் அவர் ஒவ்வொரு பிரிவாக நினைத்துப் பார்க்கத் தொடங்குவார் என்று தோன்றியது.

“நான்தான் சார்.”

அவர் நிமிர்ந்தார். “நீங்க இப்பத்தான வந்தீங்க?”

“ஆமா சார்.”

“மறுபடியுமா?”

நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்வை ஒரு நொடி என் வயிற்றுக்கு இறங்கித் திரும்பியது. “சரி, போங்கம்மா” என்றார். தாளை இழுப்பறைக்குள் போட்டார். என்னைப் பற்றி எதை அதோடு சேர்த்துப் போட்டார் என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் நிரந்தரமானவர்களின் பெயர்கள் வந்தன. பில் மேஜைப் பெண்ணின் பெயரும் இருந்தது. மதுரையில் நடக்கவிருந்த ஒரு பயிற்சிக்கு என்னை அனுப்புவதாக முன்பே சொல்லியிருந்தார்கள். அதற்கு வேறொருவர் போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், என் கணவர் கேட்கச் சொன்னார் என்றுதான் கேட்டிருப்பேன்.

செய்தி மில்லோடு நிற்கவில்லை. தேநீர் கொண்டுவருபவர் எனக்கு மட்டும் பால் என்றார். வாரக் கடைசியில் வந்த கணவர், தனக்குத் தெரியாமல் வீட்டில் ஏதாவது விசேஷமா என்று பாதி சிரிப்போடும் பாதிச் சந்தேகத்தோடும் கேட்டார். நடந்ததை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. கீழ்வீட்டு அக்கா குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டு, தரையில் இறக்கிவிட்டு என்னிடம் நடக்கவிட்டார். “வெயிட்டு தூக்காதீங்க” என்றார். எப்படித் தெரியும் என்றேன். கடைக்குப் பாத்திரம் வாங்க வந்தவிய சொன்னாவ என்றார். யார் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

பல வாரங்கள் கழித்து, அந்தப் பெண் விடுப்புக்கு விண்ணப்பம் கொடுத்த அன்று, என் மேஜைக்கு ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். அவள் கர்ப்பம் என்பது அதற்குள் எல்லாருக்குமே தெரிந்துவிட்டது, இனி மறைக்கவும் முடியாது. பெட்டியில் கடம்பூர் போளி இருந்தது. எண்ணெய் தாளில் இறங்கியிருந்தது.

“அண்ணாச்சி கொடுக்கச் சொன்னாவக்கா” என்றாள்.

“அண்ணாச்சியா?”

“ஆமாக்கா.”

அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. நானும் வேறெதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் வாசலில் அண்ணாச்சியைப் பார்த்தபோது, போளி நன்றாக இருந்தது என்றேன். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு, “ஆமாமா, கடம்பூருதான்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை வழக்கம்போல, பதில் கிடைக்காத தேடல்களைத் திறந்தேன். பாசிப்பயறில் வண்டு விழுந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தராசுக்கு முத்திரை வைக்க யாரை அழைப்பது என்று ஒன்று. கடைசியில் இருந்தது: ‘ரெண்டாவது பிள்ளைக்கும் லீவு உண்டா’.

தேடியவர் என்ற இடமே இப்போது இல்லை. நான்தான் எடுத்தேன். மேலாளராக இருக்கலாம். என்னிடம் வேலை கற்றுக்கொள்ள மேலாளர் போன வாரம் அனுப்பிய புதியவனாக இருக்கலாம். நிஜமாகவே இரண்டாவது பிள்ளைக்குக் காத்திருக்கும் யாராவதாகவும் இருக்கலாம். ஏதாவதொரு நிலையத்தில், யாருக்காகவோ யாரோ தட்டியதாகவும் இருக்கலாம். கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தேன். மேலாளர் தம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் விழுந்ததால் கண் தெரியவில்லை.

விடுப்புப் பக்கத்தைத் திறந்தேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: இரண்டாவது பிள்ளைக்கும் உண்டு. அதைச் சேமித்துவிட்டு, வண்டு பற்றி விசாரிக்கக் கழுகுமலைக்குப் போன் செய்தேன்.

“இங்கன ஒருத்தர் கேக்காங்க” என்று ஆரம்பித்தேன்.